ஐந்து போன்களுக்கு கேட் பாஸ்

அத்தியாயம் 17

திங்கட்கிழமை காலை ஏழரை மணிக்கு முதல் போனின் வயரைச் சொருகியபோது புஷ்பா பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் வேண்டிக்கொண்டாள். பத்தரை மணிக்கு அது ஐந்து தேங்காயாகியிருந்தது. போனுக்கு ஒன்று.

ஒரு போனும் பேசவில்லை.

போன வாரம் அவள் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டதை நீங்களும்தான் பார்த்தீர்கள். "திங்கக்கிழமை பன்னெண்டு மணிக்கு எங்க பாரிவாக்கம் மாடியில அஞ்சு லைனும் ரெடியா இருக்கும் சார்" என்று கோயம்புத்தூரில் இருக்கும் மேனேஜர் பார்த்தசாரதியிடம் ஜம்பமாகச் சொன்னவள் அவளேதான். ஊர் ஊராக ரத்தப் பரிசோதனை நிலையங்கள் நடத்தும் கம்பெனி அது. எந்த ஊரிலிருந்து யார் கூப்பிட்டுச் சந்தேகம் கேட்டாலும் பதில் சொல்வது புஷ்பாவும் அவளோடு நான்கு பெண்களும். இத்தனை நாள் அதற்காகப் பெருங்குடிவரை போய் வந்தார்கள். இனிமேல் புஷ்பாவின் வீட்டு மாடி ஹாலே அவர்கள் அலுவலகம்.

பன்னிரண்டு மணிக்கு பார்த்தசாரதி கூப்பிட்டுப் பார்ப்பார். மணி அடித்தால் மாடி அலுவலகம் நிலைக்கும். அடிக்காவிட்டால் நாளையிலிருந்து மறுபடியும் பெருங்குடி.

மற்ற நால்வருக்கும் அது பஸ் பிரச்சினை. புஷ்பாவுக்கு அது மாமனார் பிரச்சினை.

எட்டு மாதம் முன்பு, வீட்டில் யாரும் இல்லாத ஒரு பகலில், போலீஸ் உடுப்பு போட்ட ஒருவன் வீடியோ காலில் வந்து மாமனார் ஞானசேகரனை மிரட்டினான். உங்கள் ஆதார் எண் மும்பையில் ஒரு வழக்கில் சிக்கியிருக்கிறது, கேமரா முன்னாலிருந்து எழுந்தால் கைது என்றான். ஆவடி பாதுகாப்புத் தொழிற்சாலையில் முப்பத்தோரு வருடம் கேட் பாஸ் பிரிவில் உட்கார்ந்து, அதிகாரியின் காரைக்கூடப் பாஸ் இல்லாமல் வெளியே விடாத மனிதர், நாலு மணி நேரம் தண்ணீர்கூடக் குடிக்காமல் அந்த நாற்காலியிலேயே இருந்தார். தலைவலி என்று புஷ்பா அன்று சீக்கிரம் வீட்டுக்கு வந்ததால் பிழைத்தார். பணம் போகவில்லை. ஆனால் அன்றிலிருந்து மாமா போன் எடுப்பதில்லை. கேட்டால் ஒழிய வாய் திறப்பதும் இல்லை.

அவரைத் தனியாக விட்டுவிட்டுப் பெருங்குடியில் உட்கார்ந்திருக்க புஷ்பாவால் முடியவில்லை. கணவன் பூபாலனோ கம்பெனி வேலையாக நாக்பூரில் இருக்கிறான், தீபாவளிக்குத்தான் வருவான். மாடியிலேயே அலுவலகம் என்ற யோசனை அப்படிப் பிறந்ததுதான். அதை அவள் மாமாவிடம் சொன்னதில்லை. சொல்லாமலே அவருக்குத் தெரியும்.

"இன்னாக்கா, கோயமுத்தூர்க்காரு இன்னா சொல்றாரு?" என்று சுதா கேட்டாள். சென்னீர்குப்பத்துப் பெண். லைனில் பேசும்போது வானொலி அறிவிப்பாளர் தோற்றுவிடுவார். லைனை வைத்துவிட்டால் சொந்தத் தமிழுக்கு வந்துவிடுவாள். "காலைலேர்ந்து இது மூஞ்சியக் காட்டிகினு சும்மா குந்திகினு கீது. நாலு தட்டு தட்டினா சரியாப்பூடும்."

"தட்டிடாத தாயே, ஒவ்வொண்ணும் என் கையெழுத்துல வந்திருக்கு" என்றாள் புஷ்பா.

ரேஷ்மா தன் மேஜையில் உட்கார்ந்தபடி மெதுவாகச் சொன்னாள். "நாளைக்கு பெருங்குடின்னா நான் வரமாட்டேன்க்கா. இங்கேன்னு சொல்லித்தான் வீட்டுல சம்மதிக்க வச்சிருக்கேன்."

புஷ்பா முதல் போனின் வயரை இன்னொரு முறை கழற்றி மாட்டினாள்.

இவை ஒன்றும் சாதாரண போன்கள் இல்லை, இன்டர்நெட்டில் பேசுகிறவை. வயரைச் சொருகினால் போதும், தன் பெயர், எண், பேச வேண்டிய விதம் எல்லாவற்றையும் தலைமை அலுவலகத்திலிருந்து தானே கேட்டு வாங்கிக்கொள்ளும், யாரும் எதையும் அழுத்த வேண்டாம் என்று பெட்டிக்குள் இருந்த காகிதம் சத்தியம் செய்தது. நடந்தது என்னவோ, திரையில் ஒரு வட்டம் சுற்றிச் சுற்றி வரும், பிறகு 'கிடைக்கவில்லை' என்று ஆங்கிலத்தில் வரும், பிறகு மறுபடியும் வட்டம்.

கோயம்புத்தூரில் கம்ப்யூட்டர் பிரிவைப் பார்த்துக்கொள்ளும் உத்தமன் மூன்றாவது முறையாகக் கூப்பிட்டான்.

"அக்கா, இங்க நல்லாத் தேடிப் பார்த்துட்டனுங்க. உங்க போன் ஒண்ணுகூட எங்க வாசப்படிக்கே வரலீங்க. வந்து நின்னிருந்தா உள்ள விட்டுருப்போம்ங்க."

"கிளம்பினதுகூட இல்லையா?"

"அது உங்க ஊட்டுல இருக்கிற ஃபயர்வாலைத்தான் கேக்கோணுங்க."

புஷ்பா சட்டென்று எழுந்தாள்.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு, இதே வீட்டிலிருந்து அம்பத்தூருக்கு மென்பொருள் வேலைக்குப் போய்வரும் கொழுந்தன் பிரசன்னா வீட்டு இன்டர்நெட்டுக்கு ஒரு பூட்டு போட்டான். அதுதான் ஃபயர்வால். வீட்டிலிருந்து எந்தக் கருவி எங்கே முதல் தடவையாகப் போனாலும் ஒரு டேப்லெட்டில் மணி அடிக்கும். விடலாமா, நிறுத்தலாமா என்று கேட்கும். அப்பாவின் முகத்தைப் பார்க்கச் சகிக்காமல், "இந்த கேட்டுக்கு நீங்கதான் ஆளு" என்று டேப்லெட்டை அவர் கையிலேயே கொடுத்துவிட்டான். நல்ல பிள்ளைதான். வரன் பேச்சை எடுத்தால் மட்டும் முகம் கோணிக்கொள்ளும். போன வாரம் காட்டுப்பாக்கத்துப் பெண்ணையும் காரணம் சொல்லாமல் வேண்டாம் என்றானே, அவனேதான். அதோடு மூன்று ஆயிற்று.

ஆனால் புஷ்பா நேற்றே மாமாவிடம் சொல்லிவிட்டாள், ஐந்து போன் வருகிறது, கோயம்புத்தூர் முகவரிக்கு மட்டும் போகும், விட்டுவிடுங்கள் என்று. உத்தமன் எழுதிக் கொடுத்ததும் அந்த ஒரு முகவரிதான்.

கீழே ஞானசேகரன் வாசலைப் பார்த்துப் போட்ட நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மடியில் டேப்லெட். அதன் மேல் நீளமான நோட்டு.

"மாமா, கோயம்புத்தூருக்கு பாஸ் போட்டீங்கல்ல?"

"போட்டேனேம்மா. நேத்து சாயங்காலமே. அஞ்சு போனுக்கும் டோக்கன் இருபத்தொண்ணுலேர்ந்து இருபத்தஞ்சு."

"பின்ன ஏன் போன் போகல?"

மாமா மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி போட்டுக்கொண்டார்.

"அதுங்க கோயம்புத்தூருக்குப் போகலம்மா."

"வேற எங்க போச்சு?"

"அமெரிக்காவுக்குப் போகப் பார்த்துச்சு. அஞ்சும். நிறுத்திட்டேன்."

புஷ்பாவின் குரல் உயர்ந்தது. "காலைலேர்ந்து நாங்க அங்க மண்டையை உடைச்சுக்கறோம் மாமா. ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"சந்தேகம்னா நிறுத்துங்க, சாயங்காலம் வந்து பாக்கேன்னு பிரசன்னா சொல்லியிருக்கான்லா." அவர் நோட்டைப் பார்த்தபடியே மெதுவாகச் சொன்னார். "கோயம்புத்தூர்னு சொல்லிட்டு வெளிநாட்டுக் கதவைப் போய்த் தட்டுச்சு. அன்னைக்கு வந்தவனும் மும்பைன்னுதானம்மா சொன்னான்."

அவள் கோபம் அப்படியே இறங்கிவிட்டது. நியாயமாகப் பார்த்தால் அவர் செய்ததில் என்ன தப்பு?

அவசரமாக உத்தமனைக் கூப்பிட்டு, பிரசன்னாவையும் அதே அழைப்பில் சேர்த்து, ஸ்பீக்கரில் போட்டாள். அமெரிக்கா என்றதுமே உத்தமன் தலையில் அடித்துக்கொண்ட சத்தம் இங்கே கேட்டது.

"ஐயோ அக்கா, என் தப்புங்க! புதுப் போன் முதல்ல அதைச் செஞ்ச கம்பெனிகிட்டத்தான் போவும்ங்க. நான் யாரு ஊட்டுப் போனுன்னு கேக்கும். அவங்க போனு முதுகுல இருக்கிற நம்பரைப் பார்த்து, நீ கோயம்புத்தூர்க்காரங்க போனு, அங்க போன்னு சொல்லி அனுப்புவாங்க. அதுக்கப்புறந்தான் எங்ககிட்ட வரும். இங்க ஆபீஸ்ல எல்லாம் தெறந்தே இருக்கிறதால எனக்கு அந்த நினைப்பே வரலீங்க."

"அண்ணி, மணி பதினொண்ணே கால்" என்று பிரசன்னா குறுக்கிட்டான். "இதெல்லாம் ஒண்ணொண்ணா பார்த்துட்டிருக்க முடியாது. டேப்லெட்ல மேல ஒரு சிவப்பு பட்டன் இருக்கும். அமுக்குங்க. ஃபயர்வால் மொத்தமா ஆஃப் ஆயிடும். அப்பா கையில இதைக் குடுத்ததே தப்பு. சாயங்காலம் வந்து நானே எடுத்துக்கறேன்."

ஸ்பீக்கரில் இருப்பது அவனுக்குத் தெரியாது. மாமா டேப்லெட்டிலிருந்து கையை எடுத்தார். எடுத்த கையை எங்கே வைப்பது என்று தெரியாதவராக வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"அமுக்கிக்கோம்மா. நேரமாகுது" என்றார்.

சிவப்பு பட்டன் கண் முன்னால் இருந்தது. ஒரு தடவை தொட்டால் தீர்ந்தது. ரேஷ்மாவுக்கு வேலை இருக்கும், சுதாவுக்கு இருக்கும், தனக்கும் இருக்கும். ஆனால் யாருக்காக இந்த மாடி அலுவலகம் என்று இத்தனை பாடுபட்டாளோ, அந்த மனிதர் இன்றோடு அடியோடு அடங்கிப்போவார். புஷ்பாவுக்கு அது பொறுக்கவில்லை.

"ஆஃப் எல்லாம் வேண்டாம் பிரசன்னா. நீ வேலையைப் பாரு" என்று அவனை அழைப்பிலிருந்து கழற்றிவிட்டாள். "உத்தமன், எங்கெங்க போகணுமோ நீங்க சொல்லுங்க. மாமா பாஸ் போடுவார். மாமா, மேல வாங்க."

"பொம்பளப் பிள்ளைங்க வேலை செய்யிற இடத்துக்கு நான் எதுக்கும்மா..."

"கேட்ல ஆள் இல்லாம எப்படி மாமா? வாங்க."

அவர் நோட்டை எடுத்துக்கொண்டு படியேறினார்.

அந்த நோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். டேப்லெட்டே எல்லாவற்றையும் பதிவு செய்யும் என்று பிரசன்னா எத்தனையோ முறை சொல்லிப் பார்த்துவிட்டான். மாமா கேட்டால்தானே? ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, தேதி, நேரம், கருவியின் டோக்கன் எண், போகுமிடம், எந்த வழி என்பதற்குக் கதவு எண், அனுமதி, திரும்புமா என்று கட்டம் கட்டமாகத் தன் கையாலும் எழுதி வைப்பார். கடைசிக் கட்டம் தொழிற்சாலையிலிருந்து அப்படியே வந்தது. அங்கே வெளியே போகிற எந்தச் சாமானுக்கும் பாஸ் இரண்டு வகை. திரும்பி வர வேண்டியது, திரும்பாதது. எது என்று எழுதாமல் கையெழுத்துப் போட்டால் மெமோ வரும். அதனால் வீட்டு டிவிக்கும் அவர் 'திரும்பும்' என்று எழுதி வைத்திருந்தார்.

உத்தமன் சொல்லச் சொல்ல மாமா போன் கம்பெனியின் முகவரிக்கு அனுமதி போட்டார். டோக்கன் 21 முதல் 25 வரை. திரும்பும்.

"இப்ப எல்லாத்தையும் ஒருக்கா கழட்டி மாட்டுங்க."

மாட்டினார்கள். ஐந்து திரைகளிலும் வட்டம் சுற்றியது. ஐந்து பெண்களும் மூச்சு விடவில்லை.

கிடைக்கவில்லை.

"போச்சுடா" என்றாள் சுதா. "நானு பெருங்குடி பஸ் பாஸை நேத்துதான் கெடாசினேன்."

மணி பதினொன்று முப்பத்தெட்டு. உத்தமன் மறுமுனையில் எதையோ தட்டிக்கொண்டே இருந்தான். வழி தெறந்துதான் இருக்குது, ஏன் போவலைன்னு தெரியலீங்க என்று முணுமுணுத்தான். சிவப்பு பட்டனை அமுக்கியிருக்கலாமோ என்று புஷ்பாவுக்குள் ஒரு குரல் எழுந்தது.

மாமா ரேஷ்மாவின் மேஜையருகே குனிந்து போன் திரையின் மூலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, இன்னைக்கு என்ன தேதி?"

ரேஷ்மா சொன்னாள்.

"இதுல ஜனவரி ஒண்ணுன்னுலா காட்டுது? அதுவும் எந்தக் காலத்து வருஷமோ." அவர் நிமிர்ந்தார். குரலில் பழைய கேட் ஆபீஸ் வந்திருந்தது. "தம்பி, தேதி தப்பா இருந்தா பாஸ் செல்லாது. நீங்க ஒழுங்கான பாஸே குடுத்தாலும், இன்னும் பொறக்காத தேதி போட்ட பாஸ்னு இது திருப்பி அனுப்பிரும். கேட்டீங்களா?"

மறுமுனையில் தட்டுவது நின்றது.

"ஐயா," என்றான் உத்தமன். "அந்தப் போனு வேற எங்கியாவது போவப் பார்த்துச்சுங்களா?"

மாமா நோட்டைப் புரட்டினார். விரல் கோட்டின் மேல் நகர்ந்து நின்றது. "காலையில ஏழு முப்பத்தி மூணு. டோக்கன் இருபத்தொண்ணு. பேர் ஊர் தெரியாத இடம். கதவு எண் நூத்தி இருபத்தி மூணு. நிறுத்தம். அப்புறம் மத்த நாலும் அதே கதவு. அதுவும் நிறுத்தம்."

"அதேதானுங்க! அது மணி கேக்கிற கதவுங்க ஐயா! போனுக்குத் தானா நேரம் தெரியாது. அந்தக் கதவு வழியாப் போய்த்தான் இன்னைக்கு என்ன தேதி, என்ன மணின்னு கேட்டுட்டு வரும்ங்க. அது தெரியாதவரைக்கும், கம்பெனி காட்டுற அடையாளச் சீட்டுல தேதி ஒத்துப் போவலைன்னு போனு நம்பாதுங்க. நான் இங்கிருந்து உங்க வீட்டுக்குள்ள பார்க்க முடியாதுங்க. நீங்க எழுதி வெக்கலைன்னா சாயங்காலம் வரைக்கும் தேடிட்டிருந்திருப்பனுங்க."

பேனா நோட்டில் ஓடியது. கதவு எண் 123. அனுமதி. திரும்பும்.

மறுபடியும் கழற்றி மாட்டினார்கள். இந்த முறை முதலில் மாறியது மூலையில் இருந்த தேதி. பிறகு வட்டம். பிறகு ரேஷ்மாவின் திரையில் அவள் பெயரும் 403 என்ற எண்ணும் பளிச்சென்று வந்து நின்றன. அடுத்து சுதா. அடுத்து மற்ற இருவர். புஷ்பாவின் போன் மட்டும் அவளை அரை நிமிடம் தவிக்கவிட்டது. பிறகு அதுவும் அவள் பெயரைச் சொன்னது.

சுதா விசில் அடித்தாள். ரேஷ்மா துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள், சிரித்தாள், இரண்டையும் சேர்த்துச் செய்தாள். புஷ்பா நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். காலையிலிருந்து காபிகூடக் குடிக்கவில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

பன்னிரண்டு அடிக்க இரண்டு நிமிடம் இருக்கும்போதே மணி அடித்தது. மாமா இரண்டடி பின்னால் போனார். போன் மணி கேட்டால் அவருக்கு இன்னமும் அப்படித்தான். புஷ்பா எடுத்தாள்.

"பரவால்லையேம்மா" என்றார் பார்த்தசாரதி. "உத்தமன் எல்லாம் சொன்னான். உங்க மாமனாரை எங்க கம்பெனிக்கு அனுப்ப முடியுமா?"

"அவருக்கு இங்க டூட்டி இருக்கு சார்" என்றாள் புஷ்பா. மாமா நோட்டுக்குள் தலையைக் குனிந்துகொண்டார். காதுவரை சிவந்திருந்தது.

அடுத்த அழைப்பு சுதாவுக்கு வந்தது. திருப்பூரிலிருந்து ஒரு அம்மா. சுதா தொண்டையைச் செருமிக்கொண்டு, "வணக்கம், சொல்லுங்கம்மா, உங்களுக்கு எவ்வாறு உதவலாம்?" என்று தேனாகக் குழைந்தாள். வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்க வேண்டும், ஆனால் காபி குடித்துவிட்டேன், சர்க்கரை போடவில்லை, பரவாயில்லையா என்று அந்த அம்மா கேட்டார். சுதா பொறுமையாக விளக்கினாள். வைத்த கையோடு, "காபி குட்ச்சிட்டு வெறும் வயிறாம்!" என்றாள். மாமா சிரித்தார். வாய்விட்டு, தோள் குலுங்க. எட்டு மாதத்தில் அந்தச் சிரிப்பை புஷ்பா கேட்டதில்லை. பிள்ளையாருக்கு ஐந்து தேங்காய் போதாது என்று நினைத்தாள்.

பன்னிரண்டரைக்குத் தனக்கும் மாமாவுக்கும் காபி போட அவள் கீழே வந்தாள். இன்றைய பக்கத்தைப் படம் எடுத்து அனுப்புங்கள், மற்ற ஊர்களுக்கும் உதவும் என்று உத்தமன் கேட்டிருந்தான். பாலை அடுப்பில் வைத்துவிட்டு, கையோடு கொண்டுவந்த நோட்டைத் திறந்தாள். விரல் பட்டு இரண்டு பக்கம் முன்னால் போய்விட்டது.

டோக்கன் 4. பிரசன்னா லேப்டாப். போகுமிடம்: கனடா, குடியேற்றத் துறை. அனுமதி.

தேதி மூன்று வாரம் முந்தையது. முதல் வரனை அவன் வேண்டாம் என்ற வாரம்.

கீழே இன்னொன்று. அதே டோக்கன், கனடாவிலேயே ஒரு வேலைக் கம்பெனி. அனுமதி. அதற்கும் கீழே இன்னொன்று. கேட்டைக் கட்டியவனுக்கு, தானும் அதே கேட் வழியாகத்தான் போக வேண்டும் என்பது மறந்துபோயிருக்கிறது. நோட்டு முழுக்க ஒரு கட்டம் விடாமல் நிரப்பியிருக்கும் மனிதர், இந்த மூன்று வரிகளில் மட்டும் 'திரும்புமா' என்ற கடைசிக் கட்டத்தைக் காலியாக விட்டிருந்தார்.

பால் பொங்கி வழிந்தது. அடுப்பை அணைத்தது மாமாவின் கை. எப்போது வந்தார் என்று அவளுக்குத் தெரியவில்லை.

"படிச்சிட்டியா" என்றார்.

புஷ்பா நோட்டை அவர் பக்கம் திருப்பினாள். "தெரிஞ்சுமா மாமா விட்டீங்க? நிறுத்தியிருக்கலாமே?"

"எதுக்கும்மா நிறுத்த? திருடனா அவன்?" மாமா துணியை எடுத்து மேடையில் சிந்திய பாலைத் துடைத்தார். "நீ அவன்கிட்ட கேட்டுராத. சாயங்காலம் டேப்லெட்டை வாங்க வருவான்லா, நோட்டையும் சேர்த்தே குடுக்கப் போறேன். பாஸ் நான் போட்டாச்சு. அந்தக் கட்டத்தை அவன்தான் நிரப்பணும்."